பதினொரு நொடியும் முந்நூறு அடியும்

வெர்லின் டைக்ஹவுஸ் எங்கள் க்ரூன்வில் ஊருக்குக் கட்டட ஆய்வாளராக இருந்த பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவருக்கும் அரை அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. படியின் உயரம் எட்டேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி சொன்னால், எட்டேகாலுக்கு மேல் ஒரு மயிரிழை இருந்தாலும் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். என் இரும்புச் சாமான் கடை வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் போட்ட சரிவுப் பாதையை மூன்று முறை பெயர்க்க வைத்தார். மூன்றாவது முறை சரிவு சரியாகத்தான் இருந்தது. கைப்பிடி கால் அங்குலம் தாழ்ந்துவிட்டது.

"எனக்கும் இது பிடிக்கல கேல். ஆனா இந்த டேப்புக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது" என்றார்.

அதே மாலை என் கடைக்கு வந்து ஒரு பெட்டி ஆணி வாங்கிக்கொண்டு, என் முதுகுவலியை விசாரித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடினார். அவர் மேல் கோபப்படுவதில் உள்ள பெரிய சிரமம் இதுதான். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கைப்பிடிகூடக் கொடுக்க மாட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். வெர்லினுக்கு "நட" என்பது தெளிவில்லாத உத்தரவாகப் பட்டது. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் என்று கேட்டார். டாக்டருக்கு அன்று வேறு நோயாளிகள் இருந்தார்கள். "உங்க இஷ்டம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் அதுவரை யாரும் வெர்லினிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தவர் ஒரு வாரம் யோசித்தார். ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊரில் நடக்கும் ப்ளூபெரி அரை மராத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பது என்று முடிவு செய்தார். பதின்மூன்று மைலும், ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கும். இரண்டு மணிக்கு ஒரு நொடி குறைந்தாலும் தேர்ச்சி. இரண்டு மணியைத் தொட்டுவிட்டால் இல்லை.

இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. தேவாலயத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாளில், சீஸ் போட்ட உருளைக்கிழங்கைத் தட்டில் வாங்காமல் தாண்டிப் போனார். ஏன் என்று யாரோ கேட்டார்கள். வெர்லின் காரணத்தைச் சொன்னார். எண்ணையும் சொன்னார். காபி ஆறுவதற்குள் அந்த எண் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த பதினாறு வாரம் அவர் மனைவி லோயிஸ் பட்ட பாடு தனி. லோயிஸ் நூலகத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர், பேசினால் ஒரு வரியில் முடித்துவிடுபவர். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த பேரப்பிள்ளைகளின் படங்கள் இறங்கி, கட்டம் போட்ட அட்டவணை ஏறியது. சமையலறைத் தராசில் காலுறைகள் எடை பார்க்கப்பட்டன. ஓடும்போது விழுங்குவதற்கான சத்துக்கூழ் பாக்கெட்டுகள் சுவை வாரியாக அலமாரியில் அடுக்கப்பட்டன. எல்லாச் சுவையும் எலுமிச்சை மணம் போட்ட பசை மாதிரிதான் இருந்தது என்று லோயிஸ் என்னிடம் சொன்னார். கடைசியாக வெர்லின் காபியை நிறுத்தினார். எங்கள் டச்சு வம்சத்தில் ஒருவர் காபியை நிறுத்தினால் பாதிரியார் வீடு தேடி வந்து விசாரிப்பார். வந்தார். அவரும் அந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார் என்பதால் இருவரும் குதிகால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

"இருபத்தெட்டு வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றேன்" என்றாராம் லோயிஸ் அன்று இரவுச் சாப்பாட்டின்போது. "ஓடாமலே எனக்கு மூச்சு வாங்குது."

என் மச்சினன் டக் ரூயிட்டரும் அந்த வருடம் ஓடினான். டக் வீடு கட்டும் காண்டிராக்டர். வெர்லினின் சிவப்புச் சீட்டுகளை அவன் அளவுக்கு வாங்கியவர் இந்த மாவட்டத்தில் இல்லை. ஒரு கோடையில் மட்டும் பதினொன்று. அவன் ஓடுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. மகள் பெயர் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் பயிற்சி எடுத்தான், அதில் ஒரு வாரம் மழை. முந்தின நாள் மாலை என் வீட்டுப் பின்கட்டில் நான்கு பன்றி சாசேஜ் சாப்பிட்டுவிட்டு, "மச்சான், இதுக்கு என்ன சாப்பிடணும்னு ஏதாவது முறை இருக்கா?" என்று கேட்டான்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஓட்டத்தை நடத்தும் பாம் ஸ்டீன்ஸ்மா என்னைக் கலங்கரை விளக்குச் சாலையில் நிற்கச் சொன்னார். அங்கேதான் ஒன்பதாவது மைலில் ஓடுபவர்கள் ஒரு கூம்பைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புவார்கள். கூம்பை வைக்க வேண்டும், திரும்பாமல் போகிறவர்களைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மடக்கு நாற்காலி, தொப்பி, ஒரு பை நிறைய ப்ளூபெரி மஃபின், இவற்றோடு காலை ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். கூம்பை வைத்தேன். உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை அது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வைத்தால் எங்கள் ஊரில் பாமும் அவர் நாயும்தான் ஓட வேண்டியிருக்கும். ஆயிரத்து நானூறு பேர் ஓடினார்கள். ஊரை ஒட்டிய ஏரியிலிருந்து வர வேண்டிய காற்று வரவில்லை. வெர்லின் என்னைத் தாண்டியபோது முகம் தக்காளி மாதிரி இருந்தது, ஆனால் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குக் கை அசைக்கவில்லை. கையசைப்பது அட்டவணையில் இல்லை. அவருக்குப் பின்னால் முப்பதடி தள்ளி டக் வந்தான்.

"மஃபினா அது?" என்றான். ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

மீதியை லோயிஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதினோராவது மைலில் தண்ணீர் மேசை. வெர்லின் ஒரு காகிதக் கோப்பையை வாங்கி, பாதியைக் குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றி, கோப்பையைக் குப்பைத் தொட்டியைப் பார்த்து எறிந்தார். விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. சாலையெங்கும் நூற்றுக்கணக்கான கோப்பைகள் மிதிபட்டுக் கிடந்தன. அதைப் பொறுக்குவதற்கென்றே பள்ளிப் பிள்ளைகள் கையில் குச்சியோடு நின்றார்கள். வெர்லின் நான்கு எட்டு ஓடினார். நின்றார். திரும்பினார். தன்னுடைய கோப்பையைத் தேடி எடுத்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டு மறுபடி ஓடினார்.

"வேற யாரோட கோப்பையாவது எடுத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாமே" என்று நான் லோயிஸிடம் கேட்டேன்.

"அதுல அவர் உதட்டு அடையாளம் இருக்காதே" என்றார் லோயிஸ்.

பன்னிரண்டாவது மைலில் டக் அவரைத் தாண்டினான். தாண்டும்போது வாயில் மஃபின் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது கட்டுக்கதை. மஃபினை அவன் பத்தாவது மைலிலேயே தின்று முடித்திருந்தான்.

டக் ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. வெர்லின் இரண்டு மணி பதினொரு நொடி.

நான் கூம்பைத் தூக்கிக்கொண்டு முடிவுக்கோட்டுக்குப் போனபோது வெர்லின் புல்லில் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் பதக்கம், நெஞ்சின் மேல் ஓடி முடித்தவர்களுக்குத் தரும் ப்ளூபெரிப் பலகாரம் ஒரு துண்டு. தொடவில்லை. லோயிஸ் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோப்பைக்குப் பதினாலு நொடி" என்றார் வெர்லின், வானத்தைப் பார்த்து. "எண்ணினேன்."

டக் வந்து அவர் தலைமாட்டில் குந்தினான். குரலில் அவ்வளவு மரியாதையை நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்ஸ்பெக்டர் ஐயா, பதினொரு நொடிதானே. கண்டுக்காம பாஸ் போட்டுடுங்க. ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க."

வெர்லின் மணிக்கட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பத்து நாள் ஊரே மனம் குளிர்ந்துபோயிருந்தது. தபால் அலுவலகத்தில் அவருக்கு முன்னால் நின்றவர், "நீங்க முன்னாடி போங்க வெர்லின், பதினொரு நொடிதானே ஆகும்" என்று விலகினார். முடிதிருத்தும் கடையில் அவர் உட்கார்ந்ததும் ஒருவர் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். டக் அவருடைய தபால் பெட்டியில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டினான். எங்கேயிருந்து எடுத்தான் என்று கேட்கத் தேவையில்லை, அவன் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது. அதில் எழுதியிருந்தான்: "தேர்ச்சி இல்லை. பதினொரு நொடி கூடுதல். சரிசெய்து மறு ஆய்வுக்கு விண்ணப்பிக்கவும்." வெர்லின் அதைக் கிழிக்கவில்லை. எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

பதினோராம் நாள் கடைக்கு வந்தார். மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டினார்.

"இதப் பாரு. நான் ஓடினது பதின்மூணு மைல் இல்ல. பதின்மூணும் கால் மைலும். கடிகாரம் காட்டுது. அப்படின்னா அரை மராத்தான் தூரத்த நான் ஒரு மணி ஐம்பத்தொம்பதுக்கு முன்னாடியே தாண்டிட்டேன். மிச்சம் நான் ஓடினது சும்மா."

"பாம்கிட்ட சொன்னியா?"

"கடிகாரம் எல்லாம் கூடக் குறையத்தான் காட்டும், நீ ஜனங்களச் சுத்திச் சுத்தி ஓடியிருப்பே, பாதை முறைப்படி அளந்து சான்றிதழ் வாங்கினதுன்னு சொல்றா. சான்றிதழ யாரும் மறுபடி சரிபாத்ததில்ல. பாதை நீளமா இருக்கு, கேல். நான் அளக்கப் போறேன். உன்கிட்ட அளவுச் சக்கரம் இருக்கில்ல?"

இருந்தது. தரையில் உருட்டிக்கொண்டே போனால் அடிக்கணக்கை எண்ணிக் காட்டும் சக்கரம். வாடகைக்கு விடுவேன். அவருக்குச் சும்மா கொடுத்தேன், ஏனென்றால் வேடிக்கை பார்க்க ஆசை. அந்த ஆசைக்குத் தண்டனையாக அவர் என்னையும் சாட்சியாக வரச் சொன்னார். ஒவ்வொரு மைலுக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். முதல் முக்கால் மணி நேரம் ஒரு மைல்கூடப் போகவில்லை. பள்ளி மைதானத்தில் எஃகு டேப்பை விரித்து நூறு கெஜத்தை அளந்து, அதன் மேல் என் சக்கரத்தை ஆறு முறை உருட்டிச் சக்கரம் யோக்கியமானதுதானா என்று பார்த்தார். யோக்கியம்தான். பிறகு வெர்லின் சக்கரத்தை உருட்ட, நான் பலகையில் எழுத, எங்களுக்குப் பின்னால் லோயிஸ் காரின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் ஓட்டிவந்தார். காரின் ஒலிபெருக்கியில் ஏதோ கொலைக் கதையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது. பால் வண்டிக்காரர் ஒருவர் எங்களைச் சவ ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

எட்டு மைல் வரை பாதை அங்குலம் பிசகவில்லை. வெர்லினின் முகம் வாடிக்கொண்டே வந்தது. கலங்கரை விளக்குச் சாலையில் திரும்பினோம். என் மடக்கு நாற்காலியின் நான்கு கால் தடங்களும் மண்ணில் அப்படியே இருந்தன.

"கூம்பு எங்க இருந்துச்சு?"

"இங்கதான். இந்த மேப்பிள் மரத்துக்குக் கீழ."

"ஆணிமேல தானே வச்சே?"

"எந்த ஆணி?"

வெர்லின் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். மர நிழல் முடிந்து, வெயில் தொடங்கி, இரண்டு வீட்டுத் தபால் பெட்டிகள் தாண்டி ஓரிடத்தில் மண்டியிட்டார். தார்ச்சாலையில் அடித்த ஆணியும் அதைச் சுற்றி நீலச் சாயத்தில் ஒரு வட்டமும் இருந்தன. பாதையை முறைப்படி அளந்தவர்கள் போட்ட அடையாளம். பாம் அனுப்பிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது சொல்லப்பட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டிருந்தேன்.

"நூத்தைம்பது அடி" என்றார். "போக நூத்தைம்பது, வர நூத்தைம்பது. பாதை முந்நூறு அடி குறைச்சல்."

நான் திரும்பி மேப்பிள் மரத்தைப் பார்த்தேன்.

"ஏன் கேல் அங்க வச்சே?"

"நிழல் இருந்துச்சு."

பலகையை என்னிடமிருந்து வாங்கி அதையும் எழுதினார். காரணம்: நிழல். எழுதிய கையோடு கீழே ஓரத்தில் கணக்குப் போட்டார். போட்டுவிட்டுக் காரின் முன் பம்பரில் உட்கார்ந்தார். ஆயுள் முழுக்க மற்றவர்கள் வீட்டுப் படியை அளந்தவர் தன் காலடியில் படி இல்லை என்று கண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். லோயிஸ் கொலைக் கதையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"நல்ல செய்தியா, கெட்டதா?"

"கெட்டது."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்" என்றார் வெர்லின். "என்னோட நேரம் ரெண்டு மணி பதினொரு நொடி இல்ல. அந்த முந்நூறு அடியையும் ஓடியிருந்தா ரெண்டு மணி, நாப்பத்திரெண்டு நொடி."

அப்போதுதான் எனக்கு முழுதும் உறைத்தது. அந்த ஆயிரத்து நானூறு பேரில் ஒருவரும் அரை மராத்தான் ஓடவில்லை. டக்கின் ஐம்பத்திரண்டு நொடியும் போய்விட்டது, அவனும் இரண்டு மணியைத் தாண்டிவிட்டான். தங்கள் வாழ்நாளின் சிறந்த நேரத்தை ஓடியதாக இருநூறு பேருக்கு மேல் உலகத்துக்கு அறிவித்திருந்தார்கள். வங்கி வாசல் மின்பலகையில் ஊர்க்காரர்களின் பெயரும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. பல் டாக்டரின் வரவேற்பாளர் தன் நேரத்தைக் கெண்டைக்காலில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். பாதிரியார் விடாமுயற்சி பற்றிய பிரசங்கத்தில் தன் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருந்தார்.

"வெர்லின்" என்றேன். "இத இப்படியே விட்டுடலாம். உனக்கே இதுல நஷ்டம்தானே. யாருக்கு லாபம், சொல்லு?"

"லாபம் பாத்தா அளக்கறது?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

மீதி நான்கு மைலையும் அளந்தோம். தேவையே இல்லை. ஆனாலும் அளந்தோம்.

அறிக்கை பதினான்கு பக்கம். பாம் அதைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்கே போனார். டக்கும் போனான். நானும் போனேன், ஏனென்றால் என் பெயர் முழுசாக, நடுப்பெயரோடு நான்காம் பக்கத்தில் இருந்தது.

"வெர்லின், நீ நல்ல மனுஷன்" என்று தொடங்கினார் பாம். "அடுத்த வருஷம் ஆணிமேலயே வைக்கறோம். நானே வைக்கறேன். இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்."

"அஞ்சு" என்றார் லோயிஸ் சமையலறையிலிருந்து.

"ரிப்போர்ட்ல என் பேரு எதுக்கு?" என்று கேட்டான் டக்.

"உன் பேரு இல்லையே. உன் நேரம்தான் இருக்கு. உதாரணத்துக்கு."

"பதினொரு வருஷம் கழிச்சு நானே மறந்திருப்பேன் அந்த நேரத்த. அதுவரைக்கும் வச்சுக்கறேனே." டக்கின் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் பொண்ணு அத ஃப்ரேம் பண்ணி மாட்டியிருக்கா, வெர்லின்."

வெர்லின் மேசை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். அவருக்கு அது எளிதாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அங்கே இருந்தேன்.

"நீ கட்டின படி எட்டரை இருந்தப்ப எட்டேகால்னு எழுதச் சொன்னே" என்றார் டக்கிடம். "நான் எழுதல. இப்ப எழுதினா, அப்ப எழுதாததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும்."

பாம் மறுநாள் ஆயிரத்து நானூறு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அந்த ஆண்டின் நேரங்கள் அதிகாரப்பூர்வமானவை அல்ல, மனப்பூர்வமான வருத்தங்கள், இத்துடன் ஒரு இலவச ப்ளூபெரி டோனட்டுக்கான சீட்டு. வங்கியின் மின்பலகை அன்று மாலை வானிலைக்குத் திரும்பியது. பல் டாக்டரின் வரவேற்பாளர் செப்டம்பர் வெயிலில் முழு நீளக் காலுறை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். பாதிரியார் தாழ்மை பற்றிப் பிரசங்கம் செய்தார். பாடகர் குழு நின்ற பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கூம்பைத் தவறாக வைத்த என்னை ஊர் ஒரே வாரத்தில் மன்னித்துவிட்டது. "நிழல்" என்று கூப்பிட்டு முதுகில் தட்டினார்கள், கடையில் வியாபாரம்கூடக் கொஞ்சம் கூடியது. அதைக் கண்டுபிடித்த வெர்லினை மன்னிக்கப் பனிக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அவர் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. சேர்ந்து சாப்பிடும் நாட்களில் லோயிஸ் செய்த பாதாம் சுருள் வெட்டப்படாமல் திரும்பிப் போனது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை, ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அவ்வளவு நல்ல பாதாம் சுருள் வேறு யாருக்கும் வராது. எல்லாருக்கும் அது தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு கடைப் பிஸ்கட்டைத் தின்றார்கள்.

ஜனவரியில் ஒருநாள் பனி வாரும் மண்வெட்டி வாங்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அந்தக் கோப்பைய விட்டுட்டு ஓடியிருந்தா?" என்று கேட்டேன்.

"ஒரு மணி ஐம்பத்தொம்பது ஐம்பத்தேழு வந்திருக்கும். தப்பான பாதையில." மண்வெட்டியின் பிடியைத் தடவிப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா மத்தவங்களுக்குப் பாஸ்னு எழுதறேன் கேல். எனக்கு எதுலயும் யாரும் எழுதினதில்ல. ஒண்ணே ஒண்ணு இருந்தா நல்லாயிருக்கும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

நான் பில்லைப் போட்டுக் கொடுத்தேன்.

மே மாதம் பக்கத்து ஊரில் இன்னொரு அரை மராத்தான் ஓடினார். இரண்டு மணி மூன்று நிமிடம். முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் மறுபடி நடக்கச் சொன்னார், இந்த முறை தூரத்தையும் எழுதியே கொடுத்தார்.

கோடை வந்ததும் பாமின் குழு கூடியது. கூம்பை யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி எழுந்தபோது எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். சிலர் பழிவாங்குவதற்காகச் சொன்னார்கள், சிலர் வேறு வழி தெரியாமல். எனக்கும் அங்கேயே வேலை கொடுத்தார்கள், எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

வெர்லின் கூம்பை ஆணியின் மேல் வைத்தார். தூக்கி, ஆணி கூம்பின் நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைத்தார். நிழலே இல்லாத இடம் அது. நான் நாற்காலியை மேப்பிள் மரத்தடிக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் திரும்பி வந்தேன். டக் ஓடிவந்தபோது கூம்பைச் சுற்றும் சமயம் நின்று, குனிந்து, ஆணியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி செய்துவிட்டுப் போனான். அந்த வருடம் அவனுக்கு இரண்டு மணி ஒன்பது நிமிடம் ஆனது. கும்பிட்டதால் என்று இன்றும் சொல்கிறான்.

எல்லாரும் போய் முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் வந்தார். ரோஸ்மேரி கூப், எழுபத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை எடுத்து இன்னொரு காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். மேப்பிள் மரத்தடியில் நின்றுவிட்டார்.

"இங்கேயே திரும்பிடறேன்" என்று அங்கிருந்தே சொன்னார். "யாரும் பாக்கல."

"நான் பாக்கறேன்" என்றார் வெர்லின்.

"போன வருஷம் எல்லாரும் இங்கதானே திரும்பினாங்க."

"அதனாலதான் நான் இங்க நிக்கறேன்."

ரோஸ்மேரி அவரை ஒரு வார்த்தையில் திட்டினார். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்தில் அடக்கி வைத்திருந்த வார்த்தை அது. வெர்லின் நாற்காலியை விட்டு எழுந்து, முழங்காலைத் தாங்கித் தாங்கி மரத்தடிக்கு நடந்தார். கையைப் பிடிக்கவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தார். பக்கத்தில் நடந்தார். நூற்றைம்பது அடியும் அந்த அம்மாள் திட்டிக்கொண்டே வந்தார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கூம்பைச் சுற்றிவிட்டு ரோஸ்மேரி மூச்சு வாங்க நின்றார்.

"நீ எவ்வளவு நேரத்துல ஓடினே?"

"ரெண்டு மணி, நாப்பத்திரெண்டு நொடி."

"அதுல என்ன குறை?"

"குறை இல்ல" என்றார் வெர்லின். "நாப்பத்திரெண்டு நொடி அதிகம்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தேன். உட்காரவில்லை. சிரித்துக்கொண்டே நான்கு மைலையும் நடந்து, மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடத்தில் முடித்தார். அதற்குள் பாம் முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றத் தொடங்கியிருந்தார். மறுநாள் தேவாலயத்தில் ரோஸ்மேரி, வெர்லினும் லோயிஸும் உட்கார்ந்திருந்த வரிசையில் போய் உட்கார்ந்தார். பிறகு நடந்த சாப்பாட்டில் பாதாம் சுருளைத் தானே வெட்டி, பெரிய துண்டாக இரண்டு எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான். என் தட்டை நீட்டினேன்.